தந்தியைப் படித்துவிட்டு அழுங்கள்!

(திருச்சியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் அநேகருக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றலாம். அணுகுண்டு என்கிறான், நீர்மூழ்கிக் கப்பல் என்கிறான், சேனைக்கு அவசர உத்தரவு போகிற கம்பியில்லாத் தந்தி என்கிறான். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவனுக்கும், அம்மா மண்டபத்துப் பக்கத்தில் வாழைப்பழம் விற்கிற அம்மாளுக்கும் இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். அதற்கு என் பதில் இதுதான்: அந்த உத்தரவு தப்பாகப் போனால் விழுகிற குண்டு ஜாதி பார்த்து விழாது, மார்க்கெட்டா மாளிகையா என்று பார்த்தும் விழாது. நம்முடைய தலைமேல் விழக்கூடிய ஒரு காரியத்தைப் பற்றி, நம்மிடமிருந்து வரி வாங்கிச் செய்கிற ஒரு காரியத்தைப் பற்றி, நமக்கு ஒன்றுமே தெரிய வேண்டியதில்லை என்றால் நாம் மனிதர்களா, மந்தையா?

அணுகுண்டு நமக்கு வேண்டுமா வேண்டாமா என்பது வேறொரு கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம். நம் நாட்டில் 1974இலும் 1998இலும் பொக்ரானில் வெடித்துப் பார்த்தார்கள். குண்டு இருக்கிறது. இருக்கிறவரைக்கும் அதை வெடிக்கச் சொல்லுகிற உத்தரவு யாரிடமிருந்து, எந்த வழியாக, என்ன பரிசோதனையோடு போகிறது என்பதைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

தந்தியும் ஒப்பாரியும்

வயதான தோழர்களுக்குத் தந்தி ஞாபகம் இருக்கும். நம் நாட்டில் தந்தி 2013ஆம் வருஷம் ஜூலை மாதத்தோடு நின்றுபோய்விட்டது. அது இருந்த காலத்தில் கிராமத்தில் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தது என்றால் என்ன நடக்கும்? உறையைப் பிரிப்பதற்கு முன்பே வீட்டில் ஒப்பாரி கிளம்பிவிடும். தெருவே கூடிவிடும். பிறகு எழுத்துத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து வந்து படிக்கச் சொன்னால், மாப்பிள்ளை வியாழக்கிழமை வருகிறார் என்று இருக்கும்! இதில் அழுதவர்கள் முட்டாள்களல்ல. தந்தி என்றால் சாவுச் செய்தி என்கிற பயமும், எழுத்துத் தெரியாத குறையும் சேர்ந்து அப்படிச் செய்தன. அழுததால் பெரிய நஷ்டமும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்குச் சமையல் செய்யப் போய்விடலாம்.

ஆனால், தோழர்களே! தந்தியைப் படிப்பதற்கு முன்பே அழுகிறவன் கையில் அரிவாள் இருந்தால் என்ன ஆகும்? அணுகுண்டு வைத்திருக்கிற சர்க்கார்களின் நிலைமை இதுதான். அவர்களுக்கு வருகிற தந்தி, எதிரி ராக்கெட் விட்டுவிட்டான் என்பது. படித்துப் பார்த்து, மெய்யா பொய்யா என்று தெரிந்துகொள்ளக் கிடைக்கிற நேரமோ சில நிமிஷங்கள்தான். எறிந்த ராக்கெட்டைத் திரும்பக் கூப்பிடவும் முடியாது.

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், கரையோரத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போங்கள் என்று தண்டோரா வந்தால் போய்விடுகிறோம். தண்ணீர் வராவிட்டால் திரும்பி வந்துவிடுகிறோம். அந்தச் செய்தி தப்பானாலும் கால்வலியோடு போகும். ஆகவே அங்கே சீக்கிரந்தான் முக்கியம். இங்கே அப்படியல்ல. இங்கே செய்தி சீக்கிரம் வருவதைவிட மெய்யாக வருவதுதான் முக்கியம். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு, எல்லாவற்றையும் வேகமாக்கிவிட்டோம், நவீனமாக்கிவிட்டோம் என்று பெருமை பேசுவதில் அர்த்தமில்லை.

பெரிய நாடுகள் பட்ட பாடு

அமெரிக்காவும் ரஷ்யாவும் நம்மைவிடப் படித்தவர்கள், பணக்காரர்கள், அவர்களிடத்தில் தப்பு நடக்குமா என்று நினைக்கலாம். நடந்ததைச் சொல்லுகிறேன்.

1961 நவம்பர் 24ந் தேதி அமெரிக்காவின் ஆகாய சேனைத் தலைமை இடத்துக்கும், கிரீன்லாந்திலிருந்த எச்சரிக்கை நிலையத்துக்கும், மற்ற காவல் தலைமை இடத்துக்கும் இருந்த தொடர்பு ஒரே சமயத்தில் அறுந்துபோயிற்று. பல வழிகளும் ஒரே நேரத்தில் போனால் எதிரி அடித்துவிட்டான் என்றுதானே நினைப்பார்கள்? குண்டு விமானங்களைப் புறப்படத் தயாராக நிறுத்திவிட்டார்கள். நல்ல வேளையாக கிரீன்லாந்துக்கு மேலே பறந்துகொண்டிருந்த ஒரு விமானத்திலிருந்து, நிலையம் பத்திரமாக இருக்கிறது என்று தகவல் வந்தது. பிறகு பார்த்தால், கொலராடோவில் ஒரு அஞ்சல் நிலையத்தில் ஒரு மோட்டார் சூடேறி நின்றுவிட்டது! தனித்தனி வழி என்று நினைத்திருந்த கம்பிகளெல்லாம் அந்த ஒரு நிலையத்தின் வழியாகவே போயிருந்தன.

இது நமக்குப் புரியாத விஷயமல்ல. 2022ஆம் வருஷக் கடைசியில் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவிலுள்ள காவிரிப் பாலத்தை ரிப்பேருக்காக மூடி 2023 மார்ச்சில் திறந்தார்களே, அப்போது பஸ்ஸும் காரும் எங்கே போயின? புறவழிச்சாலைப் பாலத்தைச் சுற்றிப் போயின. இரண்டு பாலமும் தனித்தனியாக இருந்ததால் பிழைத்தோம். டிக்கெட்டில் பத்து பஸ் பெயர் எழுதியிருந்தாலும் பத்து பஸ்ஸும் ஒரே பாலத்தில்தான் போக வேண்டுமென்றால் அது பத்து வழியா, ஒரு வழியா? யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வருஷம், 1962 அக்டோபரில், கியூபா தகராறு வந்தது. உலகம் அழியுமோ என்கிற நேரம். ரஷ்யத் தலைவர் குருஷேவ் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்து, மொழிபெயர்த்துப் படிக்க ஏறக்குறைய 12 மணி நேரமாயிற்று. வாஷிங்டனிலிருந்த ரஷ்ய ஸ்தானாபதி தம்முடைய அவசரச் செய்தியை, சைக்கிளில் வந்த தந்திப் பையனிடம் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது! வழியில் அந்தப் பையன் டீ குடிக்க நின்றிருந்தால் உலகத்தின் கதி என்ன?

அதே அக்டோபர் 27ந் தேதி, அணுகுண்டு வைத்த டார்ப்பிடோவோடு கியூபாவுக்குப் பக்கத்துக் கடலில் இருந்த ஒரு ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பலை மேலே வரவைப்பதற்காக, அமெரிக்கக் கப்பல்கள் சிறு வெடிகளைப் போட்டன. உள்ளே இருந்தவர்களுக்கு மாஸ்கோவோடு பேச வழியில்லை. மேலே யுத்தம் ஆரம்பித்துவிட்டது என்று கேப்டன் நினைத்து, டார்ப்பிடோவை விடத் தயாரானார். அர்கிப்போவ் என்கிற இன்னொரு அதிகாரி, பொறுங்கள், விஷயம் தெரியாமல் செய்யக்கூடாது என்று தடுத்தார். அந்த ஒருவர் சொன்ன "பொறுங்கள்" என்கிற வார்த்தையால் நாம் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று சொன்னாலும் தகும்.

இந்தப் பயத்துக்குப் பிறகுதான் இரண்டு சர்க்காரும் 1963 ஜூன் மாதம் ஒப்பந்தம் செய்துகொண்டு, வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேராகத் தொடர்பு வைத்தார்கள். அது சினிமாவில் காட்டுகிற சிவப்பு டெலிபோன் அல்ல. எழுத்தடிக்கும் தந்தி யந்திரம். பேச்சில் கோபம் வரும், வார்த்தை தடுமாறும். எழுத்தில் இருந்தால் நிதானமாகப் படிக்கலாம் என்றுதான் அப்படிச் செய்தார்கள். இதில் எவ்வளவு புத்தி இருக்கிறது பாருங்கள்!

யந்திரம் சொன்னது வேதவாக்கா?

1980 ஜூன் 3ந் தேதி அமெரிக்காவின் எச்சரிக்கைக் கம்ப்யூட்டர், ரஷ்யாவிலிருந்து ராக்கெட்டுகள் வருகின்றன என்று காட்டிற்று. காரணம், அரை டாலர்கூட விலையில்லாத ஒரு சில்லு கெட்டுப்போய், சைபர் விழ வேண்டிய இடத்தில் 2 விழுந்தது. அவ்வளவுதான்!

1983 செப்டம்பர் 26ந் தேதி ராத்திரி மாஸ்கோவுக்குப் பக்கத்தில் பெத்ரோவ் என்கிற ராணுவ அதிகாரி காவலில் இருந்தார். அமெரிக்கா 5 ராக்கெட்டுகளை விட்டுவிட்டதாக, புதிதாக வைத்த யந்திரம் மணியடித்துச் சொல்லிற்று. அவர் என்ன செய்தார்? யந்திரம் சொன்னது என்பதற்காக நம்பிவிடவில்லை. யுத்தம் ஆரம்பிக்கிறவன் 5 ராக்கெட்டோடா ஆரம்பிப்பான்? தரையிலுள்ள ராடார் ஒன்றும் காட்டவில்லையே! இந்த யந்திரம் புதிது. இது தப்பாகவும் இருக்கலாமே! இப்படி யோசித்து, இது தப்பு எச்சரிக்கை என்று மேலே தகவல் கொடுத்தார். கடைசியில், உயரத்திலிருந்த மேகத்தில் பட்ட சூரிய வெளிச்சத்தை ராக்கெட் நெருப்பென்று யந்திரம் எண்ணிவிட்டது என்று தெரிந்தது.

தோழர்களே! பகுத்தறிவு, பகுத்தறிவு என்று நாம் சொல்லுவது இதைத்தான். சாஸ்திரம் சொல்லிற்று, பெரியவர்கள் சொன்னார்கள் என்று நம்புகிறவனை நாம் கண்டிக்கிறோம். கம்ப்யூட்டர் சொல்லிற்று என்பதற்காக நம்புகிறவன் மட்டும் எந்த விதத்தில் மேலானவன்? ஓலைச்சுவடியானாலும் சரி, கம்ப்யூட்டரானாலும் சரி, காரணம் கேட்காமல் நம்புகிற புத்தி ஒரே புத்திதான். 2024 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி பைடனும் சீனத் தலைவர் ஷி ஜின்பிங்கும், அணு ஆயுதத்தை உபயோகிக்கிற முடிவு மனிதனிடத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். செயற்கை அறிவு யந்திரங்கள் பெருகுகிற இந்தக் காலத்தில் இது நல்ல காரியம். மற்ற நாடுகளும் இதைச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டு ஏற்பாடு

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2003 ஜனவரி 4ந் தேதி இந்திய சர்க்கார் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். அதன்படி, பிரதம மந்திரி தலைமையிலுள்ள அரசியல் சபை ஒன்றுதான் அணு ஆயுதத்தை உபயோகிக்க உத்தரவு கொடுக்கலாம். தேசப் பாதுகாப்பு ஆலோசகர் தலைமையில் இருக்கிற நிர்வாக சபை தகவல் கொடுக்கவும், உத்தரவை நிறைவேற்றவுந்தான். நாம் முதலில் அடிப்பதில்லை, அடி வாங்கினால்தான் திருப்பி அடிப்போம் என்பது அதில் கண்ட கொள்கை.

இந்தக் கொள்கையிலிருந்து என்ன ஏற்படுகிறது என்று பாருங்கள். முதலில் அடிக்க மாட்டோம் என்றால், எதிரி அடித்த பிறகும் நம்மிடத்தில் ஆயுதம் மிஞ்சியிருக்க வேண்டும். அதற்காகத்தான் கடலுக்கடியில் கப்பல். அரிஹந்த் என்கிற நீர்மூழ்கிக் கப்பல் 2016இல் சேவைக்கு வந்தது. அரிகாத் என்பது 2024 ஆகஸ்டில் வந்தது. சரி, கடலுக்கடியில் பள்ளிகொண்டிருக்கிற கப்பலுக்கு உத்தரவு எப்படிப் போகும்? சுப்ரபாதம் பாடினால் கேட்குமா? சாதாரண ரேடியோ அலை உப்புத் தண்ணீரில் நுழைந்தவுடனே செத்துப்போகும். மிகவும் நீளமான அலைதான் பத்து, இருபது மீட்டர் ஆழம் வரைக்கும் இறங்கும்.

அந்த அலையை அனுப்புகிற இடம் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திருநெல்வேலி ஜில்லா விஜயநாராயணத்தில், கட்டபொம்மன் பெயரால் 1990இல் கடற்படையார் வைத்த நிலையம் அது. அங்கிருந்து போகிற அலையின் நீளம் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். அதாவது மலைக்கோட்டையிலிருந்து முக்கொம்புக்குப் பக்கத்தில் போய்விடலாம். அங்குள்ள பெரிய கம்பங்களின் உயரம் 471 மீட்டர். ஸ்ரீரங்கம் இராஜகோபுரம் 236 அடி. அதைப்போல் ஆறரை கோபுரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த உயரம் வரும். கோபுரம் 1987இல்தான் கட்டி முடிந்தது என்று அதிசயமாகப் பேசுகிறோம். விஜயநாராயணத்தில் வந்ததைப்பற்றி எத்தனை பேர் கேட்டோம்?

இந்த அலைக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அதில் பேச முடியாது. எழுத்தெழுத்தாக மெதுவாகத்தான் செய்தி போகும். இரண்டு, கப்பல் கேட்கலாமே ஒழிய அதே வழியில் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் பதில் சொல்ல அதற்கும் அப்படிப்பட்ட கம்பம் வேண்டும். ஆகவே வந்த உத்தரவு மெய்தானா என்று கப்பலில் இருக்கிறவன் திருப்பிக் கேட்க வழியில்லை. உத்தரவிலேயே, இது மெய்யான உத்தரவு என்பதற்கு அத்தாட்சி இருந்தாக வேண்டும்.

ஒரே நிலையம் இருந்தால், காவிரிப் பாலத்துக் கதைதான். இதை உணர்ந்துதான், தெலுங்கானாவில் விகாராபாத் ஜில்லா தாமகுண்டத்தில் இரண்டாவது நிலையத்துக்கு 2024 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். காடு அழிகிறது என்று அங்கே ஆக்ஷேபணையும் கிளம்பிற்று. அந்த ஆக்ஷேபணைக்கும் ஜவாப் சொல்ல வேண்டியது சர்க்காரின் கடமை. இவையன்றி, கடற்படைக்கென்று 2013இலும், ஆகாயப் படைக்கென்று 2018இலும் செயற்கைக் கிரகங்கள் விட்டிருக்கிறார்கள்.

நவீனமாக்குவது என்றால் என்ன?

சிலர் நவீனம் என்றால் வேகம் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அணு ஆயுதத் தந்திக்கு இரண்டே தர்மந்தான் உண்டு. கொடுத்த உத்தரவு எப்போதும் போய்ச் சேர வேண்டும். கொடுக்காத உத்தரவு ஒருபோதும் போய்ச் சேரக் கூடாது. முதலாவதற்கு மட்டும் பணம் செலவழித்துவிட்டு இரண்டாவதை மறந்தால், அது பூட்டில்லாத வீட்டுக்குப் பத்து வாசல் வைத்த கதையாகும்.

பழையது என்பதற்காக ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுவதும் தப்பு. புதியது என்பதற்காக வாங்கி மாட்டுவதும் தப்பு. அமெரிக்காவில் அணு சேனையின் உத்தரவுகள் போகிற ஒரு ஏற்பாட்டில், 8 அங்குல அகலமுள்ள பழைய பிளாப்பி தட்டுகளை 2019 வரைக்கும் வைத்திருந்தார்கள். ரிப்பேர் செய்ய உதிரிச் சாமான் கிடைப்பதில்லை. ஆகவே மாற்ற வேண்டியதுதான். ஆனால் அந்தப் பழைய தட்டுக்கு ஒரு நல்ல குணமும் இருந்தது. அது இண்டர்நெட்டோடு சேராதது. தூரத்திலிருந்து திருடன் நுழைய முடியாது. புதியதை வைக்கிறவன், பழையதன் நன்மை போய்விடாமல் வைக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒருவன் கையில் விடக்கூடாது. நம் கோயில் உண்டியலைத் திறக்க ஒரு சாவி போதுமா? ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டு, பலர் முன்னிலையில் எண்ணிக்கை. பகவான் பணத்தைக் காப்பாற்ற, பகவான் பக்தன் ஒருவனையே நம்பாமல் இரண்டு சாவி வைத்திருக்கிறார்கள்! அந்தப் புத்தியைத்தான் இங்கேயும் கேட்கிறேன். அமெரிக்க ராக்கெட் நிலையத்தில் இரண்டு அதிகாரிகள் ஒரே சமயத்தில் சாவியைத் திருப்பினால்தான் காரியம் நடக்கும். உத்தரவு கொடுக்கிற இடம் முதல் நிறைவேற்றுகிற இடம் வரைக்கும் இந்த இரட்டைச் சாவி இருக்க வேண்டும்.

மூன்றாவது, பக்கத்து வீட்டோடு பேச வழி. இந்தியாவும் பாகிஸ்தானும் 2005இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஒருவகை ராக்கெட் சோதனைக்கு முன்தகவல் சொல்லிக்கொள்ளுகின்றன. சேனாதிபதிகள் பேச நேர்த் தொடர்பு உண்டு. அப்படியிருந்தும் 2022 மார்ச் 9ந் தேதி என்ன நடந்தது? நம்முடைய பிரமோஸ் ராக்கெட் ஒன்று தப்பாகக் கிளம்பிப் பாகிஸ்தானுக்குள் போய் விழுந்தது. அதில் வெடிகுண்டு இல்லை, ஒருவரும் சாகவில்லை. தப்பு நடந்துவிட்டது என்று நம் சர்க்கார் பகிரங்கமாக அறிக்கை கொடுத்தது 11ந் தேதி. பிறகு விசாரணை செய்து, ஆகஸ்டில் 3 அதிகாரிகளை வேலையிலிருந்து நீக்கினார்கள். தண்டித்தது சரி. ஆனால் ராக்கெட் பறக்கிறது நிமிஷக் கணக்கில். அறிக்கை வருகிறது நாள் கணக்கில் என்றால் நடுவில் இருக்கிற ஜனங்களின் கதி என்ன? தப்பு செய்தவன் அந்த நிமிஷமே, "ஐயா, இது எங்கள் தப்பு, தாக்குதல் அல்ல" என்று சொல்லுவதற்கு வழியும் வேண்டும், வெட்கப்படாத மனமும் வேண்டும்.

ரகசியம் என்கிற மூடுதிரை

இதையெல்லாம் தெருவில் பேசலாமா, ராணுவ ரகசியம் அல்லவா என்பார்கள். சங்கேத எழுத்து ரகசியம், சாவி ரகசியம், கப்பல் இருக்கிற இடம் ரகசியம். அதை நாம் கேட்கவில்லை. ஆனால் எத்தனை சாவி, எத்தனை பரிசோதனை, தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்கிற விதிகள் எப்படி ரகசியமாகும்? ஸ்ரீரங்கத்தில் இருந்த இராமானுஜர், ரகசியமாக உபதேசித்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி எல்லோருக்கும் சொன்னார் என்று வைணவர்களே கதை சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். மோட்சத்துக்குப் போகிற வழியையே கோபுரத்தின்மேல் நின்று சொல்லலாம் என்றால், ஜனங்கள் உயிரோடிருக்கிற வழியைப் பார்லிமெண்டில் நின்று சொல்லக்கூடாதா?

இன்னும் சிலர், எல்லாம் விதிப்படி நடக்கும் என்பார்கள். சில்லு கெட்டது விதியா? மோட்டார் சூடேறியது விதியா? "பொறுங்கள்" என்று சொன்னது விதியா? எல்லாம் மனிதன் செய்தது, மனிதன் தடுத்தது.

ஆகவே தோழர்களே! உங்களிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வழிகள் மெய்யாகவே தனித்தனி வழிகளா? ஒருவன் தப்பு செய்தால் தடுக்க இன்னொருவன் இருக்கிறானா? பக்கத்து நாட்டோடு பேசுகிற வழி, சண்டை நாளிலும் திறந்திருக்கிறதா? ஜவாப் தெரியாது என்றால் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள்.

நான் சொன்னேன் என்பதற்காக இவற்றை ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் சொந்தப் புத்தியைக்கொண்டு யோசித்து, சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள். ஆனால் தந்தியைப் படிக்காமல் மட்டும் அழ வேண்டாம். படிக்காமல் அரிவாளைத் தூக்குகிறவனைச் சும்மா விடவும் வேண்டாம்.